சானல் வாசலில் ஒரு கதை: தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான யோசனையை முன்வைப்பது எப்படி?

ஒரு தமிழ்ப் பொழுதுபோக்குச் சானல் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்தரை வரையிலான தன் நேரத்தைப் பெரும்பாலும் அரைமணி அரைமணியாகப் பகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஸ்லாட் என்று பெயர். விளம்பரங்களும் சானலின் சொந்த முன்னோட்டங்களும் சேர்ந்து மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதையும், டைட்டில் பாடலையும், முந்தைய நாள் கதைச் சுருக்கத்தையும் கழித்தால் அரைமணி ஸ்லாட்டில் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். வாரத்துக்கு ஆறு நாள் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 312 எபிசோடுகள், அதாவது 110 மணி நேரத்துக்கும் மேலான கதை. இரண்டரை மணி நேரத் திரைப்படங்களாக எண்ணினால் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களின் நீளம் அது. தொடருக்கான யோசனையோடு சானலுக்குப் போகிற எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான், ஏனென்றால் மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் கதையைக் கேட்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

புதிதாகக் கதை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் திரைப்படத்துக்கு உரிய வடிவத்தில் கதையைக் கொண்டுவருகிறார்கள். தொடக்கம் கூர்மையாக இருக்கும், இடைவேளையில் ஒரு திருப்பம் இருக்கும், கேட்பவரின் கண் கலங்கும்படி ஒரு முடிவும் இருக்கும். அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நானூறாவது எபிசோடில் இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று கேட்டால் சொல்பவர் தடுமாறிப்போகிறார். நல்ல கதைகள் பல நிராகரிக்கப்படும் இடம் இதுதான். முடிவைத் தேடி ஓடுகிற கதையைத் திரைப்படம் வாங்கும். முடிவைத் தள்ளிக்கொண்டே போகக் காரணம் வைத்திருக்கிற கதையைத்தான் தினசரித் தொடர் வாங்கும். அந்தக் காரணம் ஓர் எந்திரம்போலக் கதைக்குள்ளேயே இயங்க வேண்டும், வெளியிலிருந்து விபத்தையும் மறதி நோயையும் கொண்டுவந்து ஓட்டக் கூடாது. யோசனையை முன்வைப்பது என்பது, என் பார்வையில், அந்த எந்திரத்தைத் திறந்து காட்டும் வேலை.

அதைக் காட்டும் முன், பணம் யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத் தொடர்கள் வழக்கமாக இருந்தன. வாரத்துக்கு ஒரு எபிசோட், மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். அந்த அளவில் ஒரு சிறுகதையையோ குறுநாவலையோ அப்படியே எடுத்துப்போய்ச் சொல்ல முடிந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் தினசரித் தொடர் வேரூன்றியபோது யோசனையின் அளவும் மாறியது, அதை வாங்குபவரும் மாறினார்.

அப்போது நிலைபெற்ற முறையில் சானல் கதையை வாங்கவில்லை, ஸ்லாட்டை விற்றது. தயாரிப்பு நிறுவனம் ஒன்று எபிசோடுக்கு இவ்வளவு என்று சானலுக்குக் கட்டணம் செலுத்தும். அதற்கு ஈடாக அந்த அரைமணியின் விளம்பர நேரத்தில் குறிப்பிட்ட சில நிமிடங்களைத் தானே விற்றுக்கொள்ளும் உரிமையைப் பெறும். துறையில் அந்த நிமிடங்களை எஃப்.சி.டி. என்பார்கள். தொடர் ஓடினால் லாபமும் தயாரிப்பாளருடையது, ஓடாவிட்டால் நட்டமும் அவருடையதே. 1999-ல் தொடங்கிய ‘சித்தி’யைத் தயாரித்த ராதிகாவின் ராடான் நிறுவனமும், ‘கோலங்கள்’ தொடரைத் தயாரித்த விகடன் டெலிவிஸ்டாஸும் வளர்ந்த காலம் அது. கதை சொல்லப் போகிறவர் அன்று சந்திக்க வேண்டியிருந்தவர் தயாரிப்பாளர். அந்தத் தயாரிப்பாளரோ கதை கேட்கும்போதே சோப்பு நிறுவனத்துக்கும் மசாலா நிறுவனத்துக்கும் எத்தனை வினாடிகளை என்ன விலைக்கு விற்கலாம் என்றும் பார்த்தாக வேண்டியவர். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் கைப்பணத்தைப் போட்டவர் அவர்.

இன்னொரு முறையில் சானலே எபிசோடுக்கு ஒரு தொகையைத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்து நிகழ்ச்சியை எடுத்துத் தரச் சொல்கிறது. விளம்பர வருமானம் முழுவதும் சானலுக்கு. கதையின் உரிமையும் பெரும்பாலும் சானலுக்கே. நிகழ்ச்சி தோற்றால் அடி வாங்குவது சானல் என்பதால், சானலின் கிரியேட்டிவ் குழு கதை விவாதத்திலிருந்து நாயகியின் சேலை நிறம் வரை எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும். ஸ்டார் குழுமத்துக்குக் கீழ் வந்தபின் விஜய் டிவி இந்த வழியில் வளர்ந்தது; ஜீ தமிழும் அப்படியே. யோசனையோடு போகிறவருக்கு இந்த வேறுபாடு மிக நடைமுறையானது. முதல் முறையில் ஒருவரை நம்பவைத்தால் போதும். இரண்டாவது முறையில் சொன்ன கதை மூன்று நான்கு பேர் வாய் மாறி மேலே போகும். ஒவ்வொரு படியிலும் கதையை எடுத்துச் சொல்லப்போகிறவர் நீங்கள் அல்லர், உங்களிடம் கேட்ட யாரோ ஒருவர். ஆகவே நீங்கள் இல்லாத அறையிலும் சேதாரமில்லாமல் திருப்பிச் சொல்லக்கூடிய அளவுக்கு யோசனை எளிமையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். ஒன்லைன் எனப்படும் ஒற்றை வாக்கியத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இதுவே.

தனி மனிதராகச் சானலுக்கு நேரே போவதற்கும் தயாரிப்பு நிறுவனம் வழியாகப் போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாரத்துக்கு ஆறு எபிசோட் எடுத்துக் கொடுக்கிற ஆற்றல், படப்பிடிப்பு வீடு, கலைஞர்களின் தேதிகள், ஒளிபரப்புக்கு முன்பே கையிருப்பாகச் சேர்த்து வைக்கும் எபிசோடுகள் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எந்தச் சானலும் ஒரு கதையை ஏற்காது. ஆகவே அறிமுகம் இல்லாதவருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் கதவு தயாரிப்பு நிறுவனம்தான், அல்லது அங்கே ஏற்கெனவே பணிபுரியும் ஓர் இயக்குநரோ திரைக்கதை எழுத்தாளரோதான். கதையைத் தூக்கிக்கொண்டு நேரே சானல் தலைமையிடம் போக வேண்டும் என்று காத்திருந்து ஆண்டுகளைக் கழிப்பதைவிட, தொடர் ஒன்றின் கதை விவாதக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்துவிடுவது குறுகிய வழி.

எந்தச் சானலுக்குப் போகிறோமோ அதன் மாலை நேர அட்டவணையைக் குறைந்தது ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பார்க் இந்தியா அமைப்பு 2015 முதல் பார்வையாளர் அளவீடுகளை வெளியிட்டு வருகிறது. நாடெங்கும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கருவிகளைப் பொருத்தி, சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தின் கணக்கை அடுத்த வியாழக்கிழமை வெளியிடுகிறது. பொதுப் பேச்சில் டிஆர்பி என்று சொல்லப்படுவது இதைத்தான். செய்தித்தளங்களில் முதல் பத்துத் தொடர்களின் பட்டியலாக மட்டும் நாம் பார்க்கிற அந்தக் கணக்கு, சானலுக்குள் நிமிடவாரியாகப் படிக்கப்படுகிறது. எட்டு மணித் தொடர் முடிந்ததும் எத்தனை பேர் வேறு சானலுக்குப் போனார்கள், எட்டரைக்கு எந்த வயதினர் வந்து சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எனவே அவர்கள் தேடுவது பொதுவாக ஒரு நல்ல கதையை அன்று. எட்டரை மணிக்கு, இன்ன தொடருக்குப் பின்னால், எதிர்ச் சானலின் இன்ன தொடரை எதிர்த்து நிற்கும் ஒரு கதையை. தன் யோசனை எந்த ஸ்லாட்டுக்கு, யாருக்காக என்று சொல்லத் தெரிந்தவரின் பேச்சு அங்கே வேறு விதமாகக் கேட்கப்படுகிறது.

இனி எந்திரத்தைத் திறந்து பார்க்கலாம். விளக்கத்துக்காக ஒரு கதையை இங்கேயே உருவாக்கிக்கொள்வோம். கணவனைப் பிரிந்த ஒரு பெண் தன் தந்தையின் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடுகிறாள் என்று ஒருவர் சொன்னால், அது ஒளிபரப்பில் இருக்கிற பாதித் தொடர்களுக்குப் பொருந்தும். கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதே உணர்ச்சியைத் திண்டுக்கல்லில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கையால் பூட்டுச் செய்யும் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுக்கான பெரும் பூட்டு வரை அங்கே செய்யப்பட்டிருக்கின்றன. வீட்டின் முன்கட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு பூட்டுக்காரர் இறந்துபோகிறார். அவர் செய்த பூட்டுகளின் உள்ளமைப்பு ரகசியம் தெரிந்தவள் அவருடைய மூத்த மகள் ஒருத்திதான், ஆனால் அவள் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்டு போனவள். பட்டறையை மூடிவிட்டு நிலத்தை விற்க நினைக்கும் தம்பியும் தம்பி மனைவியும் இருக்கும் அதே வீட்டுக்கு, தந்தை ஒப்புக்கொண்ட கடைசி வேலையை முடித்துக் கொடுக்க அவள் திரும்பி வருகிறாள்.

இதில் ஒன்லைன் எது என்றால், வீட்டை விட்டு விலக்கப்பட்ட மகளிடம்தான் அந்த வீட்டின் பிழைப்புக்கான சாவி இருக்கிறது என்பதே. இதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், நான்காவது ஆள் வாயிலும் சிதையாது. ஆனால் சானலுக்கு இதைவிட முக்கியமானது அடுத்த கேள்வி. இது ஏன் ஓடிக்கொண்டே இருக்கும்? முதலாவது, எதிராளி ஒரே கூரையின் கீழ் இருக்கிறாள். தமிழ்த் தொடர்களில் வில்லி ஏன் எப்போதும் அதே வீட்டில் இருக்கிறாள் என்று பலர் கேட்பதுண்டு. அதற்குக் கதைக் காரணமும் உண்டு, செலவுக் காரணமும் உண்டு. நாள்தோறும் நேருக்கு நேர் சந்தித்தே தீர வேண்டிய இருவருக்கிடையில்தான் நாள்தோறும் ஒரு காட்சி பிறக்கும். ஒரே படப்பிடிப்பு வீட்டில் ஒரு நாளுக்கான காட்சிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டால்தான் தினசரித் தொடரின் பட்ஜெட் தாங்கும். இரண்டாவது, பட்டறைக்குப் பூட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரும் எதையோ பூட்டி வைக்க வேண்டியவர்கள், அல்லது சாவி தொலைந்துபோன ஒரு பெட்டியைத் திறக்க வேண்டியவர்கள். உயில் இருக்கும் பெட்டி, பிரிந்துபோன சகோதரர்களின் பொது அறை, வழக்கில் கிடக்கும் கோயில் நிலவறை என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் மூன்று வாரத்துக்கான ஒரு ட்ராக்கை, அதாவது ஒரு கிளைக்கதையைக் கொண்டுவருகிறார். மூன்றாவது, தந்தை ஒப்புக்கொண்ட அந்தக் கடைசி வேலை எதற்காக என்ற மர்மம். அதைச் சிறிது சிறிதாகத்தான் அவிழ்க்க வேண்டும்.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிவது, கதையை உணர்ச்சியோடு சொல்லத் தெரிவதைவிட அதிகப் பயன் தரும். எழுத்தில் கொடுக்கும்போது ஒன்லைனுக்குப் பின் ஒரு பக்கக் கதைச் சுருக்கம், ஆறேழு பாத்திரங்களுக்குத் தலா ஒரு பத்தி, முதல் வாரத்தின் சீன் ஆர்டர் எனப்படும் காட்சி வரிசை, முதல் மூன்று மாதத்துக்கான ட்ராக்குகளின் வரைவு ஆகியவை இருந்தால் போதும். பாத்திரங்களை விவரிக்கும் இடத்தில் அவர்களுடைய நல்ல குணங்களை அடுக்குவதால் பயன் இல்லை. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அது கிடைக்க யார் தோற்க வேண்டும் என்பதே அங்கே எழுதப்பட வேண்டியது. தம்பி மனைவி நிலத்தை விற்க நினைப்பது பேராசையால் என்று எழுதினால் அவள் பத்து எபிசோடில் தீர்ந்துபோவாள். தன் பிறந்த வீட்டுக் கடனை யாருக்கும் தெரியாமல் அடைக்க அவளுக்கு வேறு வழி இல்லை என்று எழுதினால் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் அவள் பக்கம் சாய்வார்கள், கதைக்கு ஆயுள் கூடும்.

முதல் வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எபிசோடும் எந்த முகத்தில், எந்தச் சொல்லில் உறைந்து நிற்கிறது என்பதை ஆறு நாளுக்கும் எழுதிக் காட்ட வேண்டும். திங்களன்று மகள் வாசலில் நிற்பதில் முடியலாம். செவ்வாயன்று அவளுக்குத் தெரியாமல் மாற்றி வைக்கப்பட்ட பட்டறைச் சாவியில் முடியலாம். சனிக்கிழமை முடிவு மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிறு ஒரு நாள் முழுக்க அதை மனத்தில் வைத்திருக்கச் செய்து திங்களன்று பார்வையாளரைத் திரும்ப அழைத்து வர வேண்டும். இந்த ஆறு முடிவுகளையும் சரியாக எழுதத் தெரிந்தவர் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டால், அந்தக் கதை வேண்டாம் என்று சொன்னாலும் அந்த எழுத்தாளரை விட்டுவிட மாட்டார்கள்.

கதை அல்லாத நிகழ்ச்சிகளின் விதி வேறு. பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, வினாடி வினா, விவாத அரங்கு போன்றவற்றைத் துறையினர் நான்-ஃபிக்‌ஷன் என்பார்கள். இங்கே விற்கப்படுவது ஃபார்மேட் எனப்படும் ஆட்ட அமைப்பு. இதை எப்படி முன்வைப்பது என்பதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த சான்று இங்கிலாந்தில் நடந்தது. டேவிட் பிரிக்ஸ் என்பவர் ‘கேஷ் மவுண்டன்’ என்ற பெயரில் ஒரு வினாடி வினா யோசனையை வைத்திருந்தார். செலாடர் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பால் ஸ்மித் அதைப் பல முறை முயன்றும் விற்க முடியவில்லை. கடைசியில் ஐடிவி சானலின் டேவிட் லிடிமெண்டைச் சந்தித்தபோது ஸ்மித் தாளில் உள்ளதை விளக்குவதை விட்டுவிட்டு, அவரையே போட்டியாளராக்கி, பணத்தைப் பணயம் வைத்து அந்த ஆட்டத்தை அறையிலேயே விளையாடினார். அடுத்த கேள்விக்குப் போவதா, கிடைத்ததை எடுத்துக்கொண்டு நிறுத்துவதா என்ற தவிப்பை லிடிமெண்ட் தன் உடம்பிலேயே உணர்ந்தார். 1998 செப்டம்பரில் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ ஒளிபரப்பானது.

அந்த ஆட்டம் தமிழுக்கு வந்த விதமும் கவனிக்கத் தக்கது. சன் டிவியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ ஆகியவற்றுக்குப் பின், 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் அதே ஆட்டத்தைப் பெண் போட்டியாளர்கள் மட்டும் பங்கேற்க, ராதிகா நடத்த, ‘கோடீஸ்வரி’ என்று கொண்டுவந்தது. விதிகள் ஏறக்குறைய அவையே. யார் அந்த நாற்காலியில் அமர்கிறார்கள் என்ற ஒன்றை மாற்றியதும் நிகழ்ச்சிக்கு வேறொரு உயிர் கிடைத்தது. 2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சமைக்கத் தெரிந்தவருக்குச் சமைக்கத் தெரியாத கோமாளி துணை என்று ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட முடியும். அதோடு, நகைச்சுவைப் போட்டிகள் வழியாக அந்தச் சானல் பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருந்த கலைஞர்களுக்கு அது ஒரு புது மேடையாகவும் ஆனது. சானலிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றுக்கு வேலை கொடுக்கும் யோசனைக்குப் பாதி வாசல் தானாகத் திறக்கிறது. இங்கே பிறந்த அந்த ஃபார்மேட் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போனது.

ஆகவே ஃபார்மேட்டை முன்வைக்கிறவர் விதிகளைத் துல்லியமாக எழுத வேண்டும். ஒரு எபிசோடில் எத்தனை சுற்று, மதிப்பெண் எப்படி, யார் எப்போது வெளியேறுவார், அடுத்த வாரம் பார்ப்பவர் திரும்பி வர என்ன காரணம் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். நண்பர்களை வைத்துக் கைபேசியில் ஒரு சுற்றைப் படம் பிடித்துக் காட்டுவது முப்பது பக்க அறிக்கையைவிட மேலானது. தொகுப்பாளராக இன்ன நட்சத்திரம் வந்தால் நன்றாக இருக்கும் என்பதையே நிகழ்ச்சியின் பலமாகச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த நட்சத்திரத்தை வைத்து எந்த நிகழ்ச்சியையும் செய்யச் சானலுக்குத் தெரியும்.

கதை சொல்லும் சந்திப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதினைந்து இருபது நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும், தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, இடையில் கேட்கப்படும் கேள்வியைத் தடையாக எண்ணாமல் ஆர்வத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடிடி தளத்துக்குப் போகும்போது மட்டும் முடிவைத் தள்ளிப்போடும் தினசரித் தொடரின் கணக்கு தலைகீழாகிறது. எட்டு எபிசோடில் முடியும் தொடருக்கு முடிவு தெரியாமல் யாரும் பேசமாட்டார்கள். எல்லா எபிசோடுகளின் சுருக்கமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். திரைப்பட வடிவில் கதை வைத்திருப்பவர்களுக்கு உண்மையில் ஏற்ற இடம் அதுதான்.

யோசனையைச் சொல்லிவிட்டால் அதைத் திருடிக்கொள்வார்களே என்ற அச்சம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. அந்த அச்சத்தைச் சிறுமைப்படுத்திப் பேசுவது சரியல்ல. ஆனால் சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று அறிந்திருந்தால் அச்சம் அளவோடு இருக்கும். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் கதைக்கருவுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை ஒருவர் வெளிப்படுத்தும் வடிவத்துக்கும் முறைக்கும் அமைப்புக்கும்தான் உண்டு என்று வகுத்தது. விலக்கப்பட்ட மகள் திரும்பி வருகிறாள் என்பது யாருக்கும் சொந்தமன்று. பூட்டுப் பட்டறையும், தந்தையின் கடைசி வேலையும், தம்பி மனைவியின் மறைவான கடனும், முதல் வாரத்தின் ஆறு முடிவுகளும் எழுத்தில் இருக்கும்போதுதான் அது உங்களுடையதாகிறது. விரிவாக எழுதுவது கதையை விற்பதற்கு மட்டும் உதவவில்லை, காப்பதற்கும் அதுவே வழி. ஃபார்மேட்டுக்கும் இது பொருந்தும். பிரிட்டிஷ் தொகுப்பாளர் ஹ்யூகி கிரீன் தன் திறமைப் போட்டி நிகழ்ச்சியை நியூசிலாந்து ஒளிபரப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று தொடுத்த வழக்கு, நியூசிலாந்துக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் 1989-ல் தோற்றது. மாறிக்கொண்டே இருக்கும் நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வரும் சில அம்சங்கள் மட்டும் உறுதியான ஒரு படைப்பாகா என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம்.

பதிப்புரிமைக்கு அப்பால் இன்னொரு பாதுகாப்பு உண்டு. அது நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற விதி. சன்டயல் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் குழந்தைக் கண்ணனை ஒத்த ஒரு சிறுவன் ஒரு குடும்பத்துக்குள் வரும் தொடருக்கான குறிப்பை எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து, ஜீ நிறுவனத்திடம் சொன்னது. பின்னர் வேறு சானலிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஜீயில் அதை ஒத்த தொடர் வரப்போவதாகத் தெரியவந்தது. வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது, 2003-ல் மேல்முறையீட்டு அமர்வும் அதை உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, தொலைக்காட்சியில் சுயம்வரம் நடத்தும் ஒரு யோசனையைச் சோனி நிறுவனத்திடம் சொன்ன அனில் குப்தா தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே திசையில் இடைக்காலத் தடை கொடுத்தது. இந்த வழக்குகளில் வென்றவர்களிடம் பொதுவாக இருந்தவை மூன்று: விரிவான எழுத்து, அதன் தேதிக்குச் சான்று, அது இன்னாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று. ஆகவே சந்திப்பு முடிந்த அன்றே, இன்ன தலைப்பிலான கதையை இன்று தங்களிடம் சொன்னேன், எழுத்து வடிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன் என்று பணிவான ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட வேண்டும். முன்கூட்டியே கதையைச் சென்னையிலுள்ள எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யலாம். மத்தியப் பதிப்புரிமை அலுவலகத்திலும் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்கு அங்கே கட்டணம் 500 ரூபாய், எதிர்ப்பு வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு.

கதை ஏற்கப்பட்டதும் மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதுதான், திருட்டைவிட அதிகமாக எழுத்தாளர்களை இழக்கச் செய்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமான சிலவற்றைச் சொல்கிறது. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிராதபோது, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் என்றென்றைக்கும், உலகெங்கும், எல்லா வடிவங்களிலும் என்று எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அந்தச் சொற்கள் இந்தப் பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக விலக்குகின்றன. அவற்றை முழுவதும் நீக்க அறிமுக எழுத்தாளரால் முடியாமல் போகலாம். ஆனால் படப்பிடிப்பே தொடங்காவிட்டால் இத்தனை மாதத்தில் கதை தன்னிடம் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியைக் கேட்பதில் தவறில்லை, கேட்டால் கிடைப்பதும் உண்டு. தயாரிப்பு நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில் இருப்பவர் பணியின் பகுதியாக எழுதுவது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தம் என்பதையும் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வரியையும் கேட்க வேண்டும். 2018-ல் விஜய் டிவியில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், மராத்தி ஆகிய மொழிகளில் மறுஆக்கம் செய்யப்பட்டது. நான்கு சகோதரர்களும் ஒரு மளிகைக் கடையும் கொண்ட ஒரு குடும்பத்தின் கதைக்கு இத்தனை மொழிகளில் சந்தை இருந்தது என்றால், தமிழில் ஒரு யோசனையை விற்கிறவர் உண்மையில் ஏழு தொடர்களுக்கான விதையைக் கைமாற்றுகிறார் என்றே கணக்கிட வேண்டும். கதை வேறு மொழிக்குப் போனால் மூலக்கதை என்ற இடத்தில் தன் பெயர் வருமா, மொழி ஒன்றுக்கு எவ்வளவு தொகை என்ற இரண்டையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், தொடர் வெற்றி பெற்றபின் போய்க் கேட்பதற்கு எழுத்தாளரின் கையில் ஆவணம் எதுவும் இருக்காது.